கொக்கோ நிறுக்கும் தராசு

(திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 3:10-18)



இந்தச் சுவிட்சர்லாந்திலிருந்து ஊருக்குப் போகிற தமிழரின் சூட்கேசைத் திறந்து பார்த்தால் அரைவாசி சொக்லேட்டாகத்தான் இருக்கும். விமான நிலையத்தில் நிறுத்துப் பார்த்து இரண்டு கிலோ கூட என்று சொன்னால், சேர்ட்டை எடுத்து மேலே போட்டுக்கொள்வோம், சப்பாத்தை மாற்றிக்கொள்வோம். சொக்லேட்டை மட்டும் வெளியே எடுக்க மனம் வராது. அம்மாவுக்கு, மாமிக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு, மறைக்கல்வி சொல்லித்தந்த அருட்சகோதரிக்கு என்று ஒவ்வொரு முகமாக நினைத்து வாங்கியது அது. நானும் முதல் விடுமுறைக்கு மன்னாருக்கு அப்படித்தான் கொண்டுபோனேன். என் தாய் அதை ஐஸ்பெட்டியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டாக முறித்துக் கொடுத்தார். மகன் அனுப்பிய இனிப்பு என்று சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு மகிழ்ச்சி. அன்பை 8000 கிலோமீற்றர் தூரம் எடுத்துச் செல்ல நமக்குத் தெரிந்த வழிகளில் அது ஒன்று.

ஆனால் ஒருநாள் குசினியில் இருந்து அம்மா கேட்டார்: "தம்பி, இந்தச் சாமானுக்கு மரம் அங்கயா நிக்குது?"

"இல்லையம்மா, அந்த நாட்டில ஒரு கொக்கோ மரமும் இல்லை" என்றேன்.

"அப்ப ஆர் வளக்கினம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மெய்யியலும் இறையியலும் படித்த குரு நான். என் கையால் கொண்டுவந்து கொடுத்த பொருளை யார் விளைவித்தார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை. அம்மா இறைவனடி சேர்ந்துவிட்டார். அவர் கேட்ட கேள்விக்கு நான் பின்னாளில் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன். இன்றைய நற்செய்தியும் ஒரு கேள்வியோடு தொடங்குவதால் அதற்கு இதுவே நல்ல நாள்.

யோர்தான் ஆற்றங்கரையில் மூன்று கூட்டத்தார் திருமுழுக்கு யோவானிடம் வருகிறார்கள். பொதுமக்கள், வரிதண்டுவோர், படைவீரர். மூவரும் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு பாலைநிலத்தில் கிடந்த மனிதர் யோவான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. வரிதண்டுபவரிடம் சாவடியை மூடச் சொல்லவில்லை. குறித்த தொகைக்கு மேலே ஒரு காசும் எடுக்காதே என்கிறார். படைவீரரிடம், யாரையும் மிரட்டிப் பிடுங்காதே, உன் கூலி உனக்குப் போதும் என்கிறார். உங்கள் தொழிலிலேயே, உங்கள் கொடுக்கல் வாங்கலிலேயே, அடுத்தவனுடைய பங்கு உங்கள் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் யோவானுடைய பதில். மெசியாவின் வருகைக்கு அவர் செப்பனிட்ட பாதை கடைத்தெரு வழியாகவே போகிறது.

இந்தத் திருவருகைக் காலத்தில் நம் கடைத்தெரு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நுழைவாயிலிலேயே சொக்லேட் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. வீட்டில் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கதவைத் திறந்து ஒரு துண்டு எடுக்கும் நாட்காட்டி தொங்குகிறது. சுவிட்சர்லாந்தில் ஓர் ஆள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ சொக்லேட் சாப்பிடுகிறார். பால் சேர்த்த சொக்லேட்டை 1875-ல் வெவே நகரத்தில் டானியேல் பீட்டர் செய்துகாட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து பேர்ன் நகரத்தில் ரொடோல்ஃப் லின்ட் அதை வாயில் கரையும்படி அரைக்கக் கற்றுத்தந்தார். இந்த நாட்டுக்காரரின் கைத்திறமைக்கு நாம் வணக்கம் சொல்ல வேண்டும். பாலும் இங்கேதான். கொக்கோ மட்டும் இங்கே விளையாது.

அது விளைவது பூமத்தியரேகையை ஒட்டிய நாடுகளில். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆபிரிக்காவின் இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது: ஐவரி கோஸ்ட், கானா. பெரிய தோட்டங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சில ஏக்கர் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள். நம் வன்னியில் காணி வைத்திருக்கும் ஒரு கமக்காரக் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

கொக்கோ மரத்தில் காய் கிளை நுனியில் தொங்குவதில்லை. பலாக்காயைப்போல அடிமரத்திலேயே ஒட்டி நிற்கும். பழுத்தால் மஞ்சளாகும். கத்தியால் காம்பை அறுத்து இறக்கிக் குவித்து, பிறகு ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் கத்தியால் கொத்தி உடைக்கிறார்கள். உள்ளே மங்குஸ்தான் சுளையைப்போல வெள்ளைச் சதை பொதிந்த விதைகள், ஒரு காயில் முப்பது நாற்பது. அவற்றை வாழையிலை விரித்துக் கொட்டி, மேலேயும் வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறார்கள். குவியல் தானாகவே சூடேறும். அந்தச் சூட்டில்தான் சொக்லேட்டின் மணம் பிறக்கிறது. அதன்பிறகு பாய்களில் பரப்பி வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, கிளறிக் கிளறிப் பார்த்து, சாக்கில் கட்டி, எடைபோடும் இடத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். இயந்திரம் ஒன்றும் கிடையாது. அறுப்பது கை, உடைப்பது கை, புரட்டுவது கை.

அந்தக் கைகளில் பல, பிள்ளைகளின் கைகள்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஒன்று 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த இரண்டு நாடுகளிலும் கொக்கோ வேலையில் குழந்தைத் தொழிலாளராக இருப்பவர்கள் ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆபத்தான வேலை செய்கிறவர்கள்: கூரிய கத்தி பிடிப்பது, வயதுக்கு மீறிய பாரம் சுமப்பது, பூச்சிமருந்து தெளிக்கும் இடத்தில் நிற்பது. இடது கையில் காயைப் பிடித்து வலது கையால் கத்தியை ஓங்கும் பத்து வயதுப் பிள்ளையின் இடது கை எப்படி இருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். மாலி, புர்கினா ஃபாசோ போன்ற அயல்நாடுகளிலிருந்து ஏமாற்றிக் கூட்டிவரப்பட்டு விற்கப்பட்ட பிள்ளைகளும் அங்கே இருந்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் வேலை செய்வது தங்கள் சொந்தத் தாய் தகப்பனுடைய காணியில்தான். அந்தப் பெற்றோர் கல்நெஞ்சக்காரர் என்று எவரும் எண்ண வேண்டாம். கூலிக்கு ஆள் பிடிக்க அவர்களிடம் காசு இல்லை. விற்ற கொக்கோவுக்குக் கிடைத்த பணம் அரிசிக்கும் மருந்துக்கும் முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவதா, காய் உடைப்பதா என்று வரும்போது பிள்ளை காணிக்கு வருகிறது.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த ஒன்றும் இல்லை. 2001-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் டொம் ஹார்க்கின், எலியட் எங்கல் என்ற இரு மக்கள் பிரதிநிதிகளின் முயற்சியால் பெரிய சொக்லேட் நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மிக மோசமான குழந்தைத் தொழிலை 2005-க்குள் முடிவுக்குக் கொண்டுவரும் பாதையில் இறங்குவதாக வாக்களித்தன. 2005 வந்தது, 2008 என்று சொன்னார்கள். 2008 வந்தது, 2010 என்றார்கள். பிறகு 2020-க்குள் எழுபது வீதம் குறைப்போம் என்றார்கள். அந்த 2020-ல் வந்த கணக்கைத்தான் சற்றுமுன் சொன்னேன். வாக்குக் கொடுத்த ஆண்டில் பிறந்த பிள்ளை அதற்குள் வாலிபனாகிவிட்டது.

சாமுவேல் இரண்டாம் நூலில் ஒரு சிறிய நிகழ்ச்சி உண்டு. நாம் அதிகம் வாசிப்பதில்லை. தாவீது குகையில் மறைந்திருக்கிறார். பெத்லகேமில் பெலிஸ்தியர் பாளையம் இறங்கியிருக்கிறார்கள். சொந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆசையாக இருக்கிறது என்று தாவீது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கான ஏக்கம் என்னவென்று இடம்பெயர்ந்து வந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதைக் கேட்ட மூன்று வீரர்கள் பகைவர் பாளையத்துக்குள்ளே புகுந்து, உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீர் மொண்டு வருகிறார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை. உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களின் இரத்தம் அல்லவா இது என்று சொல்லி, ஆண்டவர் முன்னிலையில் தரையில் ஊற்றிவிடுகிறார். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது, சுவையும் மாறவில்லை. ஆனால் அது தன் கைக்கு வந்த வழி தாவீதின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு தெரியாதவர்போல அவரால் குடிக்க முடியவில்லை.

அப்படியானால் நாமும் ஊற்றிவிடுவதா, ஃபாதர்? சொக்லேட்டைத் தொடவே கூடாதா? இளையோர் ஒன்றியத்தில் இதைப்பற்றிப் பேசியபோது ஒரு தங்கை இப்படித்தான் கேட்டா. அவவின் நேர்மையை நான் மதிக்கிறேன். நாம் எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால், கானாவில் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே வருமானமும் நின்றுபோகும். பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, வேறு எங்காவது வேலைக்குப் போகும். இங்கேதான் யோவானுடைய பதிலின் அருமை தெரிகிறது. சாவடியை மூடாதே, குறித்ததற்கு மேலே எடுக்காதே. வாங்குகிற நமக்கும் அதேதான்: வாங்கு, ஆனால் விளைவித்தவருக்குச் சேர வேண்டியது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

சேர வேண்டியது எவ்வளவு சேர்கிறது? கொக்கோத் துறையைத் தொடர்ந்து கவனித்துவரும் அமைப்புகள் 2015-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பால் சொக்லேட்டுக்கு நாம் கொடுக்கும் விலையில் விவசாயிக்குப் போவது 6.6 வீதம். 1980-களில் அது 16 வீதமாக இருந்தது. 2024 டிசெம்பரில் உலகச் சந்தையில் கொக்கோ விலை தொன்னுக்கு 12,000 டொலருக்கு மேல் ஏறியபோது செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் கடையிலும் விலை ஏறியது. அந்த ஏற்றம் முழுதாக விவசாயியின் கைக்குப் போகவில்லை. ஐவரி கோஸ்ட், கானா நாடுகளின் கொக்கோச் சபைகள் பெருமளவு விளைச்சலை முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்றிருந்தன. நோயும் மழைக்குழப்பமும் மரங்களைப் பாதித்ததால், விலை ஏறிய நேரம் பலரிடம் விற்கக் காய் குறைவு. ஏறினாலும் அவனுக்கு இல்லை, இறங்கினால் முதல் அடி அவனுக்கு.

இதற்கு ஒரு மருந்தைத் தேடியவர்களில் ஒருவர் என்னைப்போன்ற ஒரு கத்தோலிக்கக் குரு. ஒல்லாந்து நாட்டில் பிறந்த ஃப்ரான்ஸ் வான் டெர் ஹோஃப். அவர் மெக்சிக்கோவின் தெற்கே, வஹாகா மலைப்பகுதியில், பழங்குடிக் கோப்பி விவசாயிகளோடு அவர்களில் ஒருவராகக் கோப்பிக் காணியிலேயே வேலை செய்து வாழ்ந்தவர். கோப்பியை வாங்கிப்போன இடைத்தரகர் சொன்னதுதான் விலை. விவசாயிகள் கூடிப் பேசித் தங்களுக்கென ஒரு கூட்டுறவை 1980-களின் தொடக்கத்தில் அமைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து உதவிப் பணம் வந்தது. அவர்களுடைய எண்ணமோ வேறாக இருந்தது: எங்கள் கோப்பிக்குச் சரியான விலை கொடுங்கள், உங்கள் தர்மம் எங்களுக்குத் தேவைப்படாது. அந்தச் சொல்லை அடித்தளமாக வைத்து அவரும் ஒல்லாந்திலே திருச்சபைகள் சார்ந்த ஓர் உதவி அமைப்பில் இருந்த நிக்கோ ரோசனும் சேர்ந்து 1988-ல் ‘மக்ஸ் ஹாவலார்’ என்ற முத்திரையைத் தொடங்கினார்கள். நியாய வணிகம் என்று நாம் இன்று சொல்வதன் முதல் முத்திரை அதுதான். இந்த நாட்டில் 1992-ல் ஆறு உதவி நிறுவனங்கள் சேர்ந்து அதை நிறுவின. கரித்தாஸ் அதில் ஒன்று. தவக்காலத்தில் நம் ஆலய வாசலில் உண்டியல் வைக்கிறோமே, அந்தக் கத்தோலிக்கத் தவக்கால நிதி இன்னொன்று. ஆகவே இது யாரோ வெளியாருடைய இயக்கம் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது. நம் காணிக்கையும் அதன் அத்திவாரத்தில் இருக்கிறது.

எங்கள் கோப்பிக்கு விலை கொடுங்கள், தர்மம் வேண்டாம். இந்தச் சொல்லை நான் பலமுறை செபத்தில் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நாம் தர்மம் செய்யத் தயங்காத சமூகம். சுனாமி வந்தபோதும் போர் முடிந்தபோதும் நம் தமிழ்க் கத்தோலிக்கப் பணியகத்து மக்கள் கொடுத்ததை நான் அறிவேன். ஆனால் நியாயமான விலை தர்மக் கணக்கில் வராது, அது கடன். ஒரு தொழிலாளிக்குப் பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலியே ஆண்டவரின் செவியில் போய்க் கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதுகிறார். கொடுக்காமல் விட்ட கூலிக்கு ஒரு குரல் உண்டு என்கிறார் அவர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-ல் எழுதிய சுற்றுமடலில், ஒரு பொருளை வாங்குவது எப்போதுமே ஓர் ஒழுக்கச் செயல், வெறும் பணவிவகாரமாக அதை நினைத்துவிடக் கூடாது என்று கற்பித்தார்.

கானாவில் குவாப்பா கொக்கோ என்றொரு விவசாயிகள் கூட்டுறவு இருக்கிறது. 1993-ல் தொடங்கியது. நல்ல கொக்கோ விவசாயி என்பது அந்தப் பெயரின் பொருள். அவர்கள் முதலில் கையிலெடுத்த பிரச்சினை தராசு. ஊருக்கு வந்து கொக்கோ வாங்கும் முகவர்கள் தராசின் முள்ளைத் திருத்திவைத்து, நிறையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றுவது அங்கே வழக்கமாயிருந்தது. எனவே தங்கள் சாக்கைத் தங்கள் தராசில், தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த ஒருவரைக்கொண்டு நிறுப்பது என்று முடிவெடுத்தார்கள். கள்ளத் தராசை ஆண்டவர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் சொல்வது அவர்களுடைய கிராமத்தில் அப்படி நிறைவேறியது. பின்னர் அவர்கள் இங்கிலாந்தில் ஒரு சொக்லேட் நிறுவனத்துக்கே பங்காளிகளானார்கள்.

இதை முதலில் அறிந்தபோது என் கண்முன் வந்தது ஆபிரிக்கா அல்ல. இலங்கையில் நம் மலையகம்.

குருத்துவ மாணவனாக இருந்தபோது தேயிலைத் தோட்டம் ஒன்றின் சிற்றாலயத்தில் சில மாதங்கள் பணிசெய்தேன். பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் நிற்பேன். காலையிலிருந்து மழைக்குள் நின்று கொய்த கொழுந்தைப் பெண்கள் சாக்கோடு தராசிலே கொளுவுவார்கள். ஒருநாள் ஒரு சகோதரியின் சாக்குக்கு முள் 19-ல் நின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொப்பியில் 16 என்று எழுதினார்கள். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு. 18 கிலோ இல்லாவிட்டால் அங்கே அரைப்பேர். அதாவது அரைநாள் சம்பளம். அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு எழுதிய பென்சிலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வெறும் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்த குழந்தையைத் தூக்கப் போய்விட்டார். அந்தச் சாக்கிலிருந்து தெறித்த தண்ணீர் என் வெள்ளை அங்கியில் பட்டது. நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பிரித்தானியர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்த அந்த மக்கள், நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றார்கள்! அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். அத்தனை ஆண்டுகளும் அவர்கள் கொய்த தேயிலை ஐரோப்பாவின் கோப்பைகளில் ஊறிக்கொண்டுதான் இருந்தது. குடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். தராசின் அந்தப் பக்கத்தில் நின்ற இனம் நாம். இன்று இந்த நாட்டில், கையில் கூடையோடு, தராசின் இந்தப் பக்கத்தில் நிற்கிறோம். மறுபக்கத்தில் நிற்பவருடைய மௌனம் என்னவென்று இந்தக் கடையில் மற்றெவரையும்விட நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? நற்செய்தியில் கேட்ட மக்களுக்கு யோவான் தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவன்.

சொக்லேட் பொதியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாக, ஒரு மனிதர் கையை உயர்த்தியிருப்பதுபோன்ற முத்திரை நியாய வணிகத்துக்குரியது. சந்தை விலை விழுந்தாலும் அதற்குக் கீழே போகாத ஒரு தரை விலை அதில் உறுதி. 2019 அக்டோபரில் அது தொன்னுக்கு 2400 டொலர் என்று வைக்கப்பட்டது. அதற்கு மேலாகத் தொன்னுக்கு 240 டொலர் கூட்டுறவுக்குத் தனியாகப் போகும் என்றும் அப்போது வைக்கப்பட்டது. கிணறு வெட்டுவதா, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதா என்பதை விவசாயிகளே கூடி முடிவு செய்கிறார்கள். தவளைப் படம் போட்ட முத்திரையும் பார்த்திருப்பீர்கள். காட்டையும் பயிர்முறையையும் தொழிலாளர் நிலையையும் அது கவனிக்கிறது. தரை விலை உறுதி அதில் இல்லை. இரண்டும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

முத்திரை இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். ஆலையில் நியாய வணிகக் கொக்கோவும் மற்றக் கொக்கோவும் கலந்தே அரைபடலாம். நம் ஊர் நெல் ஆலையில் பத்துப் பேரின் நெல் கலந்தாலும் அவரவர் கொடுத்த மூட்டைக்கு அவரவருக்குக் காசு கிடைப்பதுபோல, அங்கே கணக்குத்தான் பார்க்கப்படுகிறது. முத்திரை பெற்ற காணிகளிலும் குழந்தைத் தொழில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தரை விலை ஒரு குடும்பம் மதிப்போடு வாழப் போதுமானது என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் விவசாயி தனித்து நிற்காமல் கூட்டாக நிற்க அது ஒரு பிடி. பிடி கிடைத்த இடத்தில்தான் அடுத்த அடி வைக்கலாம்.

நான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் சொக்லேட்டில் 40 கிராம் கொக்கோ என்று வைத்துக்கொள்வோம். தொன்னுக்கு 240 டொலர் என்றால் அந்த மேலதிகத் தொகையில் நம் பட்டைக்கு விழுவது சுவிஸ் சதமான ராப்பன் ஒன்றுக்கும் குறைவு. தரையில் கிடந்தால் குனிந்து எடுக்காத காசு. அந்தக் காசுதான் அங்கே கிணறாகிறது. அதை நினைத்தபோது எனக்கு முதலில் மகிழ்ச்சி வந்தது. பிறகு, அதைக்கூடக் கொடுக்காமல் இத்தனை காலம் சாப்பிட்டிருக்கிறோமே என்று வெட்கம் வந்தது.

உங்களில் பலர் விடியற்காலையில் எழும்பி அலுவலகங்களைத் துடைத்துவிட்டு, பின்னேரம் உணவகக் குசினியில் நின்று குடும்பம் நடத்துகிறவர்கள் என்பதை மறந்து நான் பேசவில்லை. ‘அக்சியோன்’ என்று விலைக்குறைப்புச் சிவப்பு அட்டை தொங்கும் இடத்துக்கு நம் கால் தானாகப் போகிறது. அதில் பாவம் ஒன்றுமில்லை. இரண்டு சட்டை உள்ளவரிடம்தான் ஒன்றைக் கொடுக்கச் சொன்னார் யோவான். ஆனால் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் மண்டபம் எடுத்து, நடுவிலே சொக்லேட் ஊற்று வைத்து, ஐந்நூறு பேரை அழைக்கும் நேரத்தில் நாம் ஏழைகளாக இருப்பதில்லை. அந்த ஊற்றில் ஓடுவது யாருடைய கொக்கோ என்று ஒழுங்குசெய்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்த முத்திரையுள்ள சொக்லேட் மலிவு அங்காடிகளிலும் இருக்கிறது. மூன்று பட்டை வாங்குமிடத்தில் இரண்டு வாங்கினாலும் வீட்டில் எவரும் வாடிவிட மாட்டார்கள்.

கேட்பதற்குப் பயப்படாதீர்கள். 1973-ல் துர்கவ் மாநிலத்தில் ஃப்ரவன்ஃபெல்ட் என்ற சிறிய நகரத்தில், ஊர்சுலா ப்ரூனர் என்ற பெண்மணி, சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் ஒருவரின் மனைவி, தன்னோடு சில குடும்பத் தலைவியரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். பக்கத்துத் தோட்டத்து ஆப்பிளைவிடக் கடல்கடந்து வரும் வாழைப்பழம் எப்படி மலிவாக இருக்கிறது? வாழைப்பழ விலையைக் கிலோவுக்கு 15 ராப்பன் குறைத்த அங்காடியிடம், அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம், விளைவித்தவருக்குக் கொடுங்கள் என்றார்கள். தள்ளுவண்டியில் வாழைப்பழத்தை வைத்துத் தெருவில் நின்று வருகிறவர் போகிறவரோடு பேசினார்கள். அந்த ‘வாழைப்பழப் பெண்கள்’ பல ஆண்டுகள் விடாமல் கேட்டதும், இன்று இந்நாட்டுக் கடைகளில் நியாய வணிக வாழைப்பழம் சாதாரணமாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம். உங்களுக்கு ஜெர்மன் தடுமாறுகிறதா? உங்கள் பிள்ளைக்குத் தடுமாறாது. பிள்ளையைக் கூட்டிப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கொக்கோவை விளைவித்தவருக்கு எவ்வளவு கிடைத்தது? அந்தப் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த மறைக்கல்வி வகுப்பை நான் நடத்திவிட முடியாது.

இன்னும் சிறிது நேரத்தில் அப்பத்தையும் இரசத்தையும் பீடத்துக்குக் கொண்டுவருவோம். நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன் என்று சொல்லித்தான் குரு அவற்றை உயர்த்துகிறார். மனித உழைப்பை இறைவன் முன்னால் பெயர்சொல்லி உயர்த்திவிட்டு, கடையில் அதே உழைப்பை முகமில்லாததாக்க நமக்கு உரிமை இல்லை. இன்று காணிக்கைப் பவனியில் இளையோர் ஒரு சிறு தட்டில் உலர்ந்த கொக்கோ விதைகளையும் கொண்டுவருவார்கள். அவை கானாவில் விளைந்தவை. திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் வந்து கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். இலேசாகப் புளிப்பு மணக்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை நம் ஒளிவிழா. 140 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமாக ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் பையில் மூன்று பட்டை சொக்லேட் போடுவோம். இந்த ஆண்டு நியாய வணிக முத்திரையுள்ள இரண்டு பட்டை போடுவதென்று பணியகப் பேரவையில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அதற்கு இன்னும் 60 பிராங்க் குறைகிறது. விரும்புகிறவர்கள் மண்டபத்தில் தேநீர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் போடலாம். சாமான் வாங்கப் போகும் தாய்மார் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலய வாசலுக்கு வாருங்கள். நானும் உங்களோடு கடைக்கு வருகிறேன்.